பதினான்காம் தேதிக்கு முந்தைய இரவு

முந்திரிப் பருப்பை மிக்ஸியில் பொடிப்பவர்கள் ஒன்றை அறிவார்கள். ஒரு நொடி கூடுதலாக ஓடவிட்டாலும் பொடி எண்ணெய் கக்கிப் பசையாகிவிடும். ஓட்டி நிறுத்தி, கரண்டியால் அடியைக் கிளறிவிட்டு, மறுபடியும் ஓட்டி நிறுத்தி, நாலைந்து தவணைகளில் முடிக்க வேண்டிய வேலை அது. எங்கள் வீட்டில் இப்படி விட்டுவிட்டு எழும் ஓசை ஆண்டுக்கு ஒருமுறைதான் கேட்கும். பிப்ரவரி 13ஆம் தேதி இரவு.

இக்கட்டுரையை நாங்கள் இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம். ஒருவர் எழுதியதை மற்றவர் அடித்துத் திருத்தி, அதை முன்னவர் மீண்டும் திருத்தி, கேக் செய்வதைவிடக் கூடுதலான சண்டையோடு எழுதி முடித்தோம். எங்களில் ஒருவர் தூத்துக்குடிக் கடலோரத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். மற்றவர் தாமிரபரணிக் கரையில் வயலும் வாய்க்காலுமான ஊரில் பிறந்து, வேலையின் பொருட்டு இங்கு வந்தவர். ஒருவருக்குத் தகப்பனார், மற்றவருக்கு மாமனார் என்ற நிலையில் உள்ள மனிதரைப் பற்றியும் இதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே அவரைப் 'பெரியவர்' என்றே குறிப்பிடுகிறோம். நேரில் அப்படி அழைத்தால் அவருக்குப் பிடிக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

காதலர் தினத்தின் மீது எங்களுக்குத் தனிப் பக்தி ஏதும் இல்லை. வாழ்த்து அட்டைக் கடைகளோடும் செயற்கைக்கோள் தொலைக்காட்சியோடும் தொண்ணூறுகளில் தமிழ்நாட்டு ஊர்களுக்கு வந்து சேர்ந்த தினம் அது. 1999இல் அதே பெயரில் ஒரு திரைப்படமும் வந்தது. பின்னர் ஒவ்வோர் ஆண்டும் எங்கேனும் ஓர் ஊரில் நாய்க்கும் கழுதைக்கும் தாலி கட்டி எதிர்ப்புத் தெரிவிக்கும் புகைப்படம் நாளிதழ்களில் வரலாயிற்று. அத்தினத்துக்குப் பெயர் தந்த புனித வாலண்டைனையோ 1969ஆம் ஆண்டுத் திருத்தத்தின்போது கத்தோலிக்கத் திருச்சபையே தன் பொது நாட்காட்டியிலிருந்து எடுத்துவிட்டது. பிப்ரவரி 14 இப்போது புனித சிரில், புனித மெத்தோடியுஸ் இருவருக்கும் உரிய நாள். இதை எங்களுக்குச் சொன்னவரே பெரியவர்தான். நேரடியாக அல்ல, தம் மனைவி மூலமாக. "நாள்காட்டியிலயே இல்லாத சாமிக்கு எதுக்கு கேக்கு?" என்று கேட்டாராம்.

எங்களுக்கு அந்தத் தேதி வேறு காரணத்துக்காக முக்கியமானது. 2010ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி முப்பது நாள் அறிவிப்பு ஒட்டி, நண்பர்கள் மூவர் சாட்சிக் கையெழுத்திட எங்கள் திருமணம் பதிவாயிற்று. அந்த முப்பது நாளில் அறிவிப்புப் பலகையைப் படித்த யாரோ பெரியவரிடம் செய்தி சேர்த்தார்கள். அவர் வரவில்லை. தடுக்கவும் இல்லை. அடுத்த மாதம் 14ஆம் தேதி, புதுக் குடித்தனத்தின் வெறுமையான அறையில் உட்கார்ந்து, கடையில் வாங்கிய இரண்டு கேக் துண்டுகளைத் தின்றோம். மறு ஆண்டு நாமே செய்வோம் என்று முடிவெடுத்தோம். அவ்வளவுதான் தொடக்கம்.

*

2011இல் எங்களிடம் அடுப்பு என்று இருந்தது எரிவாயு அடுப்பு மட்டுமே. குக்கரின் அடியில் கல்லுப்பைப் பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, உள்ளே மாவுப் பாத்திரத்தை இறக்கிச் சிறு தீயில் வேகவைக்கும் முறையை இன்றும் பல வீடுகளில் காணலாம். மணலும் போடுவார்கள். உப்பளத்து ஊரில் மணலைத் தேடுவானேன்? வெந்து ஆறிய கேக்கின் இடுப்பைச் சுற்றிக் கத்தியால் மெல்லக் கீறி, அந்தக் கீறலில் தையல் நூலைச் சுற்றி, இரு முனைகளையும் குறுக்காக இழுத்தால் கேக் சமமாக இரண்டு தட்டுகளாகப் பிரியும். அந்த வித்தை மட்டும் முதல் தடவையிலேயே எங்களுக்குக் கைவந்தது.

கைவராதது கிரீம். வெண்ணெயும் சர்க்கரைத் தூளும் அடித்து நடுவில் பூசினோம். வெண்ணெய் முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று பாகையிலேயே உருகத் தொடங்கும். தூத்துக்குடியின் பிப்ரவரிப் பகல் ஏறத்தாழ அங்கேதான் நிற்கிறது. மேல் தட்டு மெதுவாகச் சரிந்து, பிற்பகலுக்குள் கீழ்த் தட்டிலிருந்து இரண்டு விரற்கடை விலகிவிட்டது. ஊர் பேக்கரிகள் நெடுங்காலம் ரோஜாப் பூ பிழிந்துகொண்டிருந்தது வெண்ணெயில் அல்ல, வனஸ்பதியில் என்பதன் நியாயம் அன்று விளங்கிற்று. நாவில் மெழுகாக ஒட்டினாலும் அது நிற்கும்.

சரிந்ததைச் சரிசெய்து, கால் பங்கை ஓர் எவர்சில்வர் டப்பாவில் வைத்துப் பெரியவரின் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம். எதிர்பார்ப்பு ஏதுமின்றி அனுப்பினோம் என்று சொன்னால் அது பொய். மறுநாள் டப்பா திரும்பி வந்தது. கழுவித் துடைத்து, உள்ளே காகிதத்தில் பொதிந்த நெத்திலிக் கருவாட்டுடன். பண்டம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது அத்தையின் (எங்களில் ஒருவருக்கு அம்மா) கொள்கை. கேக்கை அத்தையும் அக்கம்பக்கத்தாரும் தின்றார்கள். பெரியவர் தொடவில்லை. இந்த ஏற்பாடு அப்படியே ஆண்டுக்காண்டு நீடித்தது. நாங்கள் அங்கே போவதும் உண்டு. பெரியவர் இருப்பார், வாங்க என்பார், பிறகு செய்தித்தாளை எடுத்துக்கொள்வார். எங்களில் மருமகனாகப்பட்டவரிடம் ஏதேனும் கேட்க வேண்டுமானால், "காப்பி குடிக்காங்களான்னு கேளு" என்று உள்ளே பார்த்துச் சொல்வார்.

*

எங்கள் கேக் உருமாறியதற்குக் காரணம் ஒரு கப்பல். வணிகக் கப்பலில் பணிபுரியும் நண்பர் ஒருவர், 2014இல் விடுமுறைக்கு வந்தபோது, தம் கப்பலின் பிலிப்பைன்ஸ் நாட்டுச் சமையற்காரர் செய்த கேக் ஒன்றைப் பற்றிச் சொன்னார். "மாவே கிடையாது. நம்ம ஊர் மக்ரூனைத் தட்டையா ஊத்திச் சுட்டு, ஒண்ணுமேல ஒண்ணு அடுக்குன மாதிரி இருக்கு." பெயர் சான்ஸ் ரிவால். பிரெஞ்சுச் சொல். நிகரற்றது என்று பொருள்.

தூத்துக்குடி மக்ரூனை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. முட்டையின் வெண்கரு, சர்க்கரை, முந்திரிப் பொடி ஆகிய மூன்றே பொருள்கள். வெண்கருவை நுரைத்து நிற்கும்வரை அடித்து, சர்க்கரையைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, முந்திரியைக் கலந்து, சிறு கோபுரங்களாகப் பிழிந்து, குறைந்த சூட்டில் நெடுநேரம் உலர வைப்பார்கள். வேகவைப்பதல்ல, உலர்த்துவதுதான் அதன் இரகசியம். ஐரோப்பாவில் இதே பண்டத்தை வாதுமையில் செய்வார்கள். இங்கே அந்த இடத்தில் முந்திரி வந்தமர்ந்தது. அதுவும் நம் மண்ணின் மரம் அல்ல. பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. அதே முந்திரி அமெரிக்கக் கண்டத்திலிருந்து பிலிப்பைன்ஸ் தீவுகளுக்கும் போயிருக்கிறது. இரண்டு கடற்கரைகளிலும் யாரோ வெண்கருவோடு அதைக் கலந்திருக்கிறார்கள். ஓரிடத்தில் கோபுரமாக நின்றது, மற்றோரிடத்தில் தட்டாகப் படுத்தது.

செய்முறை கேட்பவர்களுக்காக: ஆறு முட்டை. வெண்கருவில் மஞ்சள் ஒரு துளியும் கலக்கலாகாது, பாத்திரத்தில் எண்ணெய்ப் பசையோ ஈரமோ இருக்கலாகாது. 250 கிராம் சர்க்கரை, 200 கிராம் முந்திரிப் பொடி. எட்டு அங்குல வட்டங்களாக மூன்று தட்டுகள். 150 பாகையில் நாற்பது நிமிடம், பிறகு கதவைத் திறக்காமல் சூடு தணியும்வரை சற்று நேரம். எங்கள் ஓ.டி.ஜி. அடுப்பில் ஒரு நேரத்தில் ஒரு தட்டுதான் நுழையும். அடித்த நுரை காத்திருக்காது, தளர்ந்துவிடும். ஆகவே இரண்டிரண்டு வெண்கருவாக மூன்று முறை அடிக்க வேண்டும்.

மக்ரூன் செய்பவர்களுக்கு மிஞ்சும் மஞ்சள் கருவை என்ன செய்வது என்ற கேள்வி உண்டு. இந்தக் கேக்கில் அக்கேள்வியே எழவில்லை. 150 கிராம் சர்க்கரையைச் சிறிது நீரில் பாகு காய்ச்சி, நுரைக்க அடித்த ஆறு மஞ்சள் கருவின் மீது நூலாக ஊற்றிக்கொண்டே அடித்து, ஆறியபின் கால் கிலோ வெண்ணெயைத் துண்டு துண்டாகச் சேர்த்தால் பொன்னிறக் கிரீம் கிடைக்கும். வெறும் வெண்ணெயைவிட நிதானமாக நிற்கும். கடற்காற்றின் ஈரம்தான் மக்ரூனுக்குப் பகை, அரைமணி நேரம் திறந்து வைத்தால் நமுத்துவிடும். இந்தக் கிரீமைத் தட்டுகளின் மேலும் கீழும் பக்கவாட்டிலும் பூசி மூடிவிட்டால் ஈரம் உள்ளே புகாது. பூசியதை ஓர் இரவு முழுவதும் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். அப்போதுதான் அடுக்குகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும், கத்தி இறங்கும்போது நொறுங்காது. இந்த ஓரிரவு என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

2019இல் அத்தை காலமானார். 2020 பிப்ரவரியில் வழக்கம்போல் டப்பாவை அனுப்பினோம். மறுநாள் திரும்பி வந்தது. மூடியைத் திறந்தால் கேக் அப்படியே இருந்தது. கிரீமின் மேல் வைத்த சர்க்கரை முத்து ஒன்றுகூட அசையவில்லை. ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை, ஒருவரும் பேசிக்கொள்ளவும் இல்லை. அதன்பின் டப்பாவை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டோம்.

*

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இவ்வூரார் ஆயுளுக்கும் மறவார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி பெருகி, குளங்கள் உடைந்து, நகரின் தாழ்ந்த பகுதிகள் நாட்கணக்கில் நீரில் நின்றன. குவித்து வைத்த உப்பு அளங்களிலேயே கரைந்து போனது.

பெரியவரின் தெருவில் 18ஆம் தேதி காலையில் இடுப்பளவு நீர். தொலைபேசி இயங்கவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தெருவாசிகள் ஒரு மின்கம்பத்திலிருந்து அடுத்த முனையின் மாடிப்படி வரை நைலான் கயிறு கட்டியிருந்தார்கள். பெரியவர் கட்டில் மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எண்பது வயது. தோளில் ஒரு பை, பையில் ஜெபமாலை, மாத்திரைகள், அத்தையின் புகைப்படம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். எங்களில் ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். நடுவில் அவருக்கு ஒருமுறை கால் வழுக்கிற்று. பின்னால் வந்தவர் அவரை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அப்படியேதான் மிச்ச தூரமும் வந்தோம். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், அப்படி நனைந்த கோலத்தில், பெரியவர் முதன்முறையாக எங்கள் வீட்டுப் படி ஏறினார்.

அவருடைய வீட்டுச் சுவர்கள் காய்வதற்கும் தரையைப் பெயர்த்துப் போடுவதற்கும் மாதங்கள் பிடித்தன. அதுவரை எங்களோடு இருந்தார். எங்கள் சோற்றை உண்டார், எங்கள் செய்தித்தாளைப் படித்தார். மருமகனிடம் பேச வேண்டியதை மட்டும் இன்னமும் மகள் வழியாகவே பேசினார். ஒரே அறையில் மூவரும் உட்கார்ந்திருக்கும்போதும்.

*

2024 பிப்ரவரி பிறந்தபோது, இவ்வாண்டு கேக் வேண்டுமா என்ற கேள்வி எங்களுக்குள் எழுந்தது. ஊர் இன்னும் சேற்றைக் கழுவி முடிக்கவில்லை. அது மட்டுமன்று. அவ்வாண்டு பிப்ரவரி 14 விபூதிப் புதன். தவக்காலத்தின் முதல் நாள். முந்தைய ஆண்டின் குருத்தோலைகளை எரித்த சாம்பலை நெற்றியில் இட்டுக்கொண்டு, ஒருவேளை உணவோடு இருக்கும் நாள். காதலர் தினமும் விபூதிப் புதனும் ஒன்றாக வருவது அரிது. 1945இல் வந்தது, பிறகு 2018இல், பிறகு 2024இல். இனி 2029இல் வரும். நோன்புக் கட்டாயம் ஐம்பத்தொன்பது வயதோடு முடிகிறது என்றாலும் பெரியவர் அதை ஒப்புக்கொண்டதில்லை. விபூதிப் புதன் தொடங்கி உயிர்ப்பு ஞாயிறு வரை அவர் இனிப்பைத் தொடமாட்டார். தேநீருக்குக்கூடச் சர்க்கரை கிடையாது.

செய்வது என்று முடிவாயிற்று. வழக்கத்தை விட மனமில்லை என்பதைத் தவிர வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை. 13ஆம் தேதி செவ்வாய். இருவரும் வேலையிலிருந்து திரும்பவே ஏழாயிற்று. முதல் தட்டு அடுப்பில் ஏறும்போது எட்டரை மணி. மிக்ஸி ஓசை கேட்டுப் பெரியவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். உறங்கச் செல்லும் நேரம். செல்லவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மூன்றாவது தட்டு அடுப்பில் இருந்தபோது பாகு காய்ச்சினோம். பாகின் சூடு 115 பாகை இருக்க வேண்டும். அதை அளக்கும் வெப்பமானி வெள்ளத்தில் கெட்டுவிட்டது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. இருவரும் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தபடி, இப்போதா, இன்னும் சற்றுப் பிறகா என்று விவாதித்துக்கொண்டிருந்தோம்.

"பாகு பதம் பாக்க எதுக்கு மெசினு? ஒரு கிண்ணத்துல பச்சத்தண்ணி கொண்டா" என்றார் பெரியவர்.

கொடுத்தோம். ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டு விரலால் திரட்டினார். கரைந்தது. சற்றுப் பொறுத்து மறுபடியும் ஒரு சொட்டு. மெத்தென்று உருண்டு வந்தது. "இறக்கு" என்றார். பாகை நூலாக ஊற்ற ஒருவர், பீட்டரைப் பிடிக்க ஒருவர். பாத்திரமோ பீட்டரின் விசைக்கு மேடையில் சுழன்றுகொண்டே போகும். ஒவ்வோர் ஆண்டும் அதன் அடியில் ஈரத்துணி வைத்துச் சமாளிப்பது எங்கள் வழக்கம். அவர் எழுந்து வந்தார்.

"மாப்ள, நீங்க ஊத்துங்க. நான் சட்டியப் பிடிச்சுக்கிடுதேன்."

பதினான்கு ஆண்டுகளில் அந்தச் சொல்லை நாங்கள் கேட்டது அன்றுதான். ஊற்றிக்கொண்டிருந்த கை நடுங்கிற்று. பாகு பாத்திரத்தின் விளிம்பில் வழிந்து கண்ணாடியாக இறுகிவிட்டது. அதை இருவரும் பார்த்தோம். பெரியவர் பாத்திரத்தை விடாமல் பிடித்திருந்தார்.

*

தட்டுகள் ஆறி, அடுக்கி, பூசி முடித்தபோது பதினொன்று தாண்டிவிட்டது. அலங்காரத்துக்கு எங்களிடம் இருந்தவை வெள்ளி நிறச் சர்க்கரை முத்துகள். விளிம்பைச் சுற்றி ஒரு வரிசை வைத்துக்கொண்டு வந்தோம்.

"முத்து இப்படியா இருக்கும், ஒரே அச்சுல வார்த்த மாதிரி?" என்றார் பெரியவர்.

மன்னார் வளைகுடாவில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1955இல் தொடங்கி 1961இல் முடிந்தது. அதன்பின் பார்களில் குளிக்கத்தக்க அளவில் சிப்பி விளையவில்லை. அந்தக் கடைசி ஆண்டில் பெரியவருக்குப் பதினெட்டு வயது. தந்தையோடும் மாமனோடும் தோணியில் போயிருக்கிறார். இதை நாங்கள் அறிவோம், ஆனால் அவர் வாயால் கேட்டதில்லை. அன்று சொன்னார். கல்லைக் கயிற்றில் கட்டி, அதில் கால் வைத்துக்கொண்டு எட்டுப் பாகம், பத்துப் பாகம் ஆழம் இறங்குவதை. மூச்சு முட்டுவதற்குள் அரித்துப் போட்ட கூடையை மேலே இழுப்பதை. பெரிய துளையிலிருந்து சிறிய துளை வரையான பித்தளைச் சல்லடைகளில் முத்துகளைச் சலித்துத் தரம் பிரிப்பதை. ஆணிமுத்து ஒன்றைத் தம் வாழ்நாளில் இரண்டே முறை கண்டதை. ஒன்று நீலம் ஓடியிருக்கும், ஒன்று செம்மை ஓடியிருக்கும், இரண்டு முத்து ஒன்றாக இருக்காது என்றார்.

முத்தும் அடுக்குகளால் ஆனதே. அரை மைக்ரான் அளவே பருமனுள்ள தகடுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து உருவாகின்றன. ஒளி அவற்றினூடே புகுந்து திரும்புவதால் அந்த நிறங்கள் தோன்றுகின்றன. மணல் துகள் உறுத்தியதால் முத்து விளைகிறது என்று பள்ளியில் படித்தோம். ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. சிப்பியின் போர்வைத் திசுவைச் சேர்ந்த செல்கள் இடம் பெயர்ந்து உள்ளே போய், அங்கேயும் தம் வழக்கமான வேலையைச் செய்வதால்தான் முத்து உருவாகிறது. 1973இல் தூத்துக்குடிக்கு அருகே வேப்பலோடையில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் முத்து வளர்த்தெடுத்தது இந்த அறிவைக் கொண்டுதான். ஒரு துண்டுத் திசுவை உள்ளே வைப்பார்கள். உறுத்தலைவிட அந்தத் திசுதான் முக்கியம். வேற்றிடத்தில் போய் விழுந்தாலும் தன் வேலையை மறவாத திசு.

"கயித்த யாரு பிடிப்பாங்க தெரியுமா?" என்று பெரியவர் கேட்டார். எங்களில் யாரைக் கேட்கிறார் என்று தெரியவில்லை. பதிலை எதிர்பார்க்கவும் இல்லை. "எங்க அப்பா முங்கும்போது பிடிச்சது எங்க மாமா. அம்மைக்கு உடம்பொறந்தவர். சொந்த அண்ணன் தம்பிகிட்டகூடக் கயித்தக் குடுக்க மாட்டாங்க. மச்சினன்கிட்டதான் குடுப்பாங்க. தங்கச்சி தாலி அவன் கையில இருக்குல்லா."

கடலடியில் இருப்பவன் கயிற்றை அசைத்ததும் இழுக்க வேண்டும். அரை நிமிடம் அசட்டையாக இருந்தால் போதும். பெண் கொடுத்து ஏற்பட்ட உறவை நம்பியே அந்த ஆழத்தில் இறங்கினார்கள். வெள்ளத்தன்று தெருவில் கட்டிய நைலான் கயிற்றைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. நாங்களும் எடுக்கவில்லை.

கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று நாற்பது.

"பன்னெண்டு அடிச்சா நோம்பு" என்றார்.

கேக் குளிர்பெட்டிக்கே இன்னும் போகவில்லை. ஓரிரவு உறைய வேண்டியது அரைமணி நேரம்கூட உறையவில்லை. முத்து வரிசை பாதி வட்டத்தில் நின்றிருந்தது. எங்களுக்குள் ஒரு பார்வைதான். கத்தியை எடுத்தோம்.

அழகான துண்டு அல்ல அது. மேல் தட்டு விரிசல் விட்டு நொறுங்கிற்று, கிரீம் பக்கவாட்டில் பிதுங்கிற்று, மூன்று அடுக்குகளும் மூன்று திசையில் போயின. சாப்பிடும் தட்டில் வைத்தபோது குவியலாகத்தான் இருந்தது. அதைக் கரண்டியால் எடுத்துத் தின்றார். முத்து ஒன்று பல்லில் கடிபட்டது. முழுவதும் தின்றார். நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. "மக்ரூன்லா இது" என்று மட்டும் சொன்னார். எழுந்து போய்த் தட்டைத் தாமே கழுவிக் கவிழ்த்துவிட்டு உறங்கப் போனார்.

மறுநாள் அதிகாலைத் திருப்பலியிலிருந்து நெற்றியில் சாம்பலோடு திரும்பினார். குளிர்பெட்டியில் முக்கால் கேக் இருந்தது. இப்போது அது நன்றாக உறைந்து, கத்திக்குக் கட்டுப்பட்டு, அடுக்கடுக்காக அழகாக அறுபட்டது. கருப்புத் தேநீரை ஊதிக் குடித்தபடி நாங்கள் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

அவ்வாண்டு மே மாதத்தில் வீடு தயாராகி, பெரியவர் திரும்பிப் போனார். இங்கேயே இருங்கள் என்று வற்புறுத்தினோம். கேட்கவில்லை. பையைக் கட்டிக்கொண்டிருந்தவர் அலமாரியின் மேல்தட்டைப் பார்த்து, "அந்த டப்பா உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார்.

2025 பிப்ரவரி 14 வெள்ளிக்கிழமை. விபூதிப் புதனுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. முந்தைய இரவு வழக்கம்போல் மிக்ஸி ஓடிற்று. சட்டியைப் பிடிக்க ஆளில்லாமல் அடியில் ஈரத்துணி வைத்தோம். காலையில் நன்கு உறைந்த துண்டாக, நொறுங்காத துண்டாகப் பார்த்து டப்பாவில் வைத்து அனுப்பினோம்.

மறுநாள் டப்பா திரும்பி வந்தது. கழுவியிருந்தது. உள்ளே, செய்தித்தாளில் சுற்றி, ஒரு கைப்பிடி நெத்திலிக் கருவாடு.

பொதிந்த விதம் அத்தையுடையது போல் இல்லை. ஆண் கை சுற்றியது, பிரிந்துவிடாமல் இருக்க நூலால் நான்கு சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தார். டப்பாவைப் புளி போட்டும் எலுமிச்சை போட்டும் கழுவிப் பார்த்தோம். வாடை முழுவதும் போகவில்லை. போகாவிட்டால் என்ன, அடுத்த முறையும் அதில்தான் வைத்து அனுப்புவோம்.